லோரெ தள்ளியவர்கள்

ஜேர்மனியில் சில கிராமங்களுக்குள் நுழையும்போது, ஊர்ப் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய இரும்பு வண்டி நிற்பதைக் காணலாம். இரண்டு மீற்றர் நீளத் தண்டவாளத் துண்டு, அதன்மேல் நான்கு சில்லுகள், சில்லுகளுக்கு மேலே அடி ஒடுங்கி வாய் விரிந்த ஒரு தொட்டி. தொட்டிக்குள் மண் நிரப்பி ஜெரேனியம் நட்டிருப்பார்கள். கடந்து போகிறவர் பூவைப் பார்ப்பார். வண்டியைப் பார்ப்பவர் குறைவு.

அந்த வண்டிக்குப் பெயர் லோரெ. ஆங்கிலத்தின் ‘லொறி’ 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் மொழிக்குள் போய் லோரெ ஆயிற்று. அதே சொல் நம்மிடம் வந்தபோது தண்டவாளத்தை விட்டு இறங்கித் தெருவில் ஓடத் தொடங்கியது. அரிசி மூட்டையும் மணலும் ஏற்றியது. பிறகு இடம்பெயர்ந்த சனங்களையும் ஏற்றியது. ஜேர்மனியின் லோரெ மட்டும் தண்டவாளத்திலேயே நின்றுவிட்டது.

அது ஓடிய பாதையை ‘ஃபெல்ட்பான்’ என்பார்கள். ஃபெல்ட் என்றால் வயல். அதே சொல் போர்முனைக்கும் உண்டு. இதைத் தமிழில் சொல்ல அதிகம் யோசிக்கவேண்டியதில்லை. நெல்லடிக்கும் இடமும் களம், ஆளை ஆள் வெட்டும் இடமும் களம் என்று வைத்திருக்கும் மொழி நம்முடையது. எனவே இந்தக் கட்டுரையில் அதைக் களரயில் என்றே எழுதுகிறேன். பெரும்பாலும் 600 மில்லிமீற்றர் அகலப் பாதை. யாழ்தேவி ஓடிய பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர் என்பதை நினைத்தால் இதன் சிறுமை விளங்கும். நேர அட்டவணை கிடையாது, பயணி கிடையாது. செங்கல் சூளைக்குக் களிமண், ஆலைக்குச் சீனி பீட்றூட், காட்டிலிருந்து மரம், கல்லுடைக்கும் இடத்திலிருந்து கல். வேலைக்காக மட்டும் இருந்த ரயில் இது.

1950களுக்குப் பின் உண்மையான லொறிகள் வந்து இதை விழுங்கிவிட்டன. இன்று சில முற்றா நிலக்கரிச் சதுப்புகளிலும் அருங்காட்சியகங்களிலும் ஓடுவது போக, களரயில் அதிகமாக உயிரோடு இருப்பது வீட்டு நிலவறைகளில், மேசைப் பலகைகளின் மேல், 87இல் ஒரு பங்கு அளவில்.

மாதிரி ரயில் கட்டுவது ஜேர்மனியில் ஒரு பெரிய பொழுதுபோக்கு. கொப்பிங்கன் நகரின் மேர்க்லின் நிறுவனம் 1891இலேயே பாதை அகலங்களுக்கு எண் கொடுத்து ஒழுங்குபடுத்திவிட்டது. இன்று பரவலாக உள்ள அளவு ‘ஹா-நுல்’, அதாவது அரைப் பூச்சியம், 1:87. ஆறடி மனிதன் இரண்டு சென்ரிமீற்றர் உயரமாவான். இந்த அளவில் களரயில் கட்ட விரும்புகிறவர் முதலில் ஒரு கணக்கைப் போட வேண்டும். 600ஐ 87ஆல் வகுத்தால் 6.9 மில்லிமீற்றர். அப்படியொரு பாதையைக் கடையில் விற்பதில்லை. ஆகவே வேறொரு அளவின் பாதையைக் கடன் வாங்குவார்கள். 1:220 அளவுக்கென மேர்க்லின் 1972இல் கொண்டுவந்த மிகச் சிறிய ரயிலின் பாதை 6.5 மில்லிமீற்றர். அதன்மேல் 1:87 அளவு லோரெயை ஏற்றினால் கண்ணுக்குச் சரியாகவே தெரியும்.

கடன் வாங்கும் இந்த யோசனை அதற்கு முந்தியது. 1960இல் நூர்ன்பேர்க்கின் ஆர்னோல்ட் நிறுவனம் 9 மில்லிமீற்றர் பாதையில் ஒரு சின்ன ரயிலை விற்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் மூனிச்சைச் சேர்ந்த எகர் சகோதரர்கள் அதே 9 மில்லிமீற்றர் அகலத்தில், ஆனால் 1:87 அளவில், ஒரு களரயிலை வெளியிட்டார்கள்: கைக்குள் அடங்கும் நீராவி இயந்திரம், கவிழ்க்கும் லோரெக்கள், சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிவரக்கூடிய அளவு குறுகிய வளைவு. ‘எகர்-பான்’ என்ற அந்த நிறுவனம் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே மூடப்பட்டது. அச்சுகள் பிரான்சின் ஜூஎஃப் நிறுவனத்துக்குப் போயின. ஆனால் தொழிற்சாலை ரயிலையும் விளையாட்டுப் பொருளாக விற்கலாம் என்று காட்டியவர்கள் அவர்கள்தான். பின்னாளில் வீர்ன்ஹைம் நகரின் புஷ் நிறுவனம் 6.5 மில்லிமீற்றர் களரயிலைக் கொண்டுவந்தபோது, பாரமில்லாத இயந்திரம் வழுக்காமலிருக்க அதன் வயிற்றில் காந்தமும் பாதையில் இரும்பும் வைத்தது. நல்ல தந்திரம்.

இடம் அதிகம் தேவைப்படாதது இதன் பெரிய கவர்ச்சி. ஒரு மீற்றருக்கு அறுபது சென்ரிமீற்றர் பலகை இருந்தால் ஒரு செங்கல் சூளையையே அமைத்துவிடலாம். இன்னொரு கவர்ச்சி அழுக்கு. பெரிய ரயில் கட்டுகிறவர்கள் பளபளப்பான விரைவு ரயிலை விரும்புவார்கள். களரயில்காரர் கறளை விரும்புகிறவர். இரும்புநாரை வினாகிரியில் ஊறவைத்து உண்மையான கறள் எடுத்துத் தொட்டிக்குப் பூசுவார். காய்ந்த தேயிலைத் தூளைத் தூவி இலைச்சருகு ஆக்குவார். குடித்து முடித்த இலங்கைத் தேயிலை ஜேர்மன் காட்டின் தரையாகப் போய்ச் சேரும் ஒரே இடம் இதுவாக இருக்கலாம். புதிய பொருளைப் பழையதாக்கும் இந்த வேலையை அவர்கள் ‘ஆல்ட்டெருங்’ என்கிறார்கள், முதுமைப்படுத்தல். தொட்டியின் எந்த விளிம்பில் வர்ணம் முதலில் உரியும், மண்வெட்டி எங்கே படும் என்றெல்லாம் பழைய புகைப்படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் செய்வார்கள்.

நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வரலாற்றை இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கும் பொழுதுபோக்கு வேறு அதிகமில்லை. ஆனால் நெருக்கமாகப் பார்க்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வரும். மண்வெட்டி பட்ட இடத்தைப் பார்ப்பவர் மண்வெட்டி பிடித்த கையைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

பாதையிலிருந்தே தொடங்குவோம். தண்டவாளமும் இரும்புக் குறுக்குச் சட்டமும் ஏற்கெனவே பொருத்தப்பட்ட ஏணி போன்ற துண்டுகளைத் தூக்கி வந்து நிலத்தில் வைத்து இணைத்துவிடுவது பிரான்சின் போல் டெகோவில் 1870களின் நடுவில் தன் பண்ணைப் பீட்றூட்டை ஏற்றுவதற்காக உருவாக்கிய முறை. வேலை முடிந்ததும் கழற்றி அடுத்த வயலுக்குக் கொண்டுபோகலாம். 1889 பாரிஸ் கண்காட்சியில் அவருடைய 600 மில்லிமீற்றர் ரயிலில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறினார்கள். அதற்கு முன்பே ஜேர்மனியில் இரண்டு யூத வணிகர்கள் இதன் எதிர்காலத்தைக் கண்டுகொண்டார்கள். பென்னோ ஓரென்ஸ்டைன், ஆர்தர் கொப்பெல் இருவரும் 1876இல் பேர்லினுக்குப் பக்கத்தில் ஷ்லாக்டென்சேயில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெயரின் முதலெழுத்துக்களால் ‘ஓ உண்ட் கா’ என்று உலகமெங்கும் அறியப்பட்ட நிறுவனம். பாபெல்ஸ்பேர்க்கில் அவர்களுடைய ஆலை செய்த இயந்திரங்கள் ஜாவாவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போயின. மும்பைக்குக் கிழக்கேயுள்ள மாதேரான் மலைக்கு 1907இல் தொடங்கிய சிறு ரயிலின் முதல் இயந்திரங்களும் அவர்கள் செய்தவையே.

ஜேர்மனி ஆண்ட தென்மேற்கு ஆபிரிக்காவில், இன்றைய நமீபியாவில், சுவாகொப்முண்டிலிருந்து சுமேப் செப்புச் சுரங்கம் வரை ஏறத்தாழ 570 கிலோமீற்றர் நீளமான 600 மில்லிமீற்றர் பாதையை 1903க்கும் 1906க்கும் இடையில் போட்டதும் கொப்பெலின் நிறுவனமே. அந்த இடைக்காலத்தில்தான் ஹெரேரோ மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஜேர்மன் படை அவர்களைப் பாலைவனத்துக்குள் விரட்டிக் கொன்றது. எஞ்சியவர்களை முகாம்களில் அடைத்தது. கைதிகளை ரயில்பாதை வேலைக்குத் தள்ளியது. பின்னாளில் தாமே இனவெறிக்கு இலக்கான குடும்பங்களின் நிறுவனம் ஒன்று அடிமை உழைப்பைப் பயன்படுத்தியதும் இதே வரலாற்றின் பகுதி. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் கணக்குத் தீராது.

களம் என்ற சொல்லின் மற்றப் பொருள் முதலாம் உலகப் போரில் முழுதாக வெளிவந்தது. ஜேர்மன் படை தன் களரயிலுக்கென ‘பிரிகேட்’ இயந்திரம் என்று ஒரே வடிவத்தில் ஏறக்குறைய 2,500 இயந்திரங்களைப் பல ஆலைகளில் செய்வித்தது. எறிகணை முன்னே போக, காயப்பட்டவர்கள் பின்னே வந்தார்கள். போர் முடிந்ததும் அந்த இயந்திரங்கள் மலிவாக விற்கப்பட்டன. போலந்தின் பீட்றூட் வயல்களிலும், 1895இல் தொடங்கிய முஸ்காவ் காட்டு ரயிலிலும் அவை ஓடின. இன்று மாதிரி ரயில்காரர்களுக்கு மிகவும் பிடித்த இயந்திரங்களில் இதுவும் ஒன்று.

இனி அந்த இயந்திரத்தின் பக்கவாட்டில் உள்ள தகட்டுக்கு வருகிறேன். மாதிரியில் அது ஒரு அரிசியை விடச் சிறியது. பித்தளையில் அரித்துச் செய்வார்கள். ‘ஓ உண்ட் கா’ என்று எழுதியிருக்கும். நீங்கள் கட்டும் பலகை எந்த ஆண்டைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்து அது சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். 1933க்குப் பிறகு ஓரென்ஸ்டைன் குடும்பத்தினர் தங்கள் நிறுவனத்திலிருந்து படிப்படியாக வெளியே தள்ளப்பட்டார்கள், பங்குகள் கைமாறின. 1940இல் பெயரையும் அழித்தார்கள். நிறுவனம் ‘எம்பேஆ’ ஆயிற்று. இயந்திரக் கட்டுமானம், ரயில்பாதைத் தேவைகள் என்ற யாருடைய பெயரும் இல்லாத பெயர். அதன் பின் பாபெல்ஸ்பேர்க்கிலிருந்து வந்த புதிய இயந்திரங்கள் எம்பேஆ தகட்டோடு வந்தன. போருக்குப் பின் கிழக்கில் அதே ஆலை கார்ல் மார்க்ஸ் பெயரைத் தாங்கியது. மேற்கில் ஓ உண்ட் கா திரும்பி வந்து அகழ்பொறிகளும் தானியங்கிப் படிக்கட்டுகளும் செய்தது. 1980களில் இங்கு வந்திறங்கிய நம்மவர்களில் பலர் அந்தப் படிக்கட்டுகளில் நின்று மேலே போயிருப்பார்கள். காலடியில் இருந்த இரண்டு எழுத்துகளைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாதிரி ரயில்காரர்கள் காலத்தையும் எண் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியச் சங்கங்கள் ஒப்புக்கொண்ட முறைப்படி முதலாம் காலம் 1920 வரை, இரண்டாம் காலம் போர் முடியும்வரை, மூன்றாம் காலம் ஏறத்தாழ 1970 வரை, பிறகு நான்கு, ஐந்து, ஆறு. கடையில் பெட்டியின் மேல் இந்த எண் அச்சிட்டிருக்கும். பலரும் தேர்வது மூன்றாம் காலத்தை. நீராவியும் டீசலும் ஒன்றாக ஓடிய காலம், அப்பாவின் இளமைக்காலம், மீண்டெழுந்த காலம். இரண்டாம் காலத்தைத் தேர்கிறவர்களும் பெரும்பாலும் 1930களின் தொடக்கத்தோடு நின்றுகொள்வார்கள். ஜேர்மனியில் நாசிச் சின்னங்களைக் காட்டுவது சட்டப்படி குற்றம் என்பதால் அந்தக் காலத்து மாதிரிகளும் சின்னம் இல்லாமலே வரும். சட்டத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் சின்னத்தை எடுத்துவிட்ட ஒரு பலகையில் 1942 வெறும் வெயிற்காலமாகத் தெரியும்.

1942இல் ஒரு களரயில் எப்படியிருந்தது என்று பார்க்க ஹம்பேர்க்கின் தென்கிழக்கு ஓரத்துக்குப் போகலாம். நொயன்கம்மெ என்ற இடத்தில் கைவிடப்பட்ட ஒரு செங்கல் சூளை இருந்தது. 1938 டிசெம்பரில் எஸ்எஸ் படையினர் அங்கே கைதிகளைக் கொண்டுவந்தார்கள். 1940இல் அது தனியான வதைமுகாம் ஆனது. எல்பெ ஆற்றங்கரையில் ஹிட்லர் கட்டவிருந்த பிரமாண்டமான கட்டடங்களுக்கு ‘கிளிங்கர்’ என்ற கடும்செங்கல் தேவை. ஹம்பேர்க் நகரமே எஸ்எஸ்ஸோடு ஒப்பந்தம் செய்தது. கைதிகள் புதிய சூளையைக் கட்டினார்கள், கால்வாய் வெட்டினார்கள். களிமண் குழிக்குள் இறங்கி மண்ணை வெட்டி லோரெயில் போட்டார்கள். அந்த லோரெயைத் தள்ளினார்கள்.

ஒரு சாதாரண லோரெயின் தொட்டி முக்கால் கன மீற்றர் கொள்ளும். ஈரக்களிமண்ணால் நிறைந்தால் மண் மட்டும் ஒரு தொன்னுக்கு மேல். சமதரையில் இரண்டுபேர் தள்ளலாம்; அதுவும் வயிற்றில் சாப்பாடு இருந்தால். களிமண் குழியிலிருந்து மேலேறும் பாதை சமதரை அல்ல. மழையில் தண்டவாளம் சேற்றில் அமிழும். சில்லு தடம்புரண்டால் ஏற்றிய மண்ணோடு தூக்கி வைக்க வேண்டும். இதை மரக்கட்டைக் காலணியோடு, பின்னால் நிற்பவனின் அடிக்குப் பயந்து ஓட்டமாகச் செய்ய வேண்டும். களரயில் ஒரு மனிதனின் பாரத்தைக் குறைக்கவென்று உருவான பொருள். நொயன்கம்மெயில் அதையே மனிதனை முடிக்கும் கருவியாக்கினார்கள். இந்த முகாமிலும் அதன் கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்டவர்கள் ஒரு இலட்சத்துக்கு மேல். குறைந்தது 42,900 பேர் உயிரிழந்தார்கள். போருக்குப் பின் அந்த நிலத்தில் ஹம்பேர்க் நகரம் சிறைச்சாலை நடத்தியது. 2005இல்தான் அந்த வளவு பெரிய நினைவகமாகத் திறக்கப்பட்டது. கிளிங்கர் சூளை இன்றும் நிற்கிறது. அங்கே லோரெக்களும் நிற்கின்றன. அவற்றில் பூ நட்டிருக்கவில்லை.

1943 ஜூலையில் ஹம்பேர்க் குண்டுவீச்சில் எரிந்தபோது இடிபாட்டையும் பிணங்களையும் அகற்ற இந்த முகாமின் கைதிகளே அனுப்பப்பட்டார்கள். இது முக்கியம். ஏனென்றால் ஜேர்மன் நினைவில் இடிபாடும் லோரெயும் சேர்ந்து வரும் படம் வேறொன்று. போருக்குப் பிந்திய படம் அது: தலையில் துணி கட்டிய பெண்கள், சிரித்த முகம், கைக்குக் கை மாறும் செங்கல், பின்னால் ஒரு லோரெ. நாடெங்கும் 40 கோடி கன மீற்றர், பேர்லினில் மட்டும் 7.5 கோடி கன மீற்றர் இடிபாடு கிடந்தது என்று கணக்கிடுவார்கள். அதை அள்ளத் தெருவோடு தெருவாகக் களரயில் போட்டார்கள். வயலுக்கும் போருக்கும் உதவிய பாதை மூன்றாவதாக நகரத்துக்குள் வந்தது. பேர்லினின் டொய்ஃபெல்ஸ்பேர்க் மலை அப்படிக் குவிந்த இடிபாடுதான். பிராங்க்பேர்ட் 1945இலேயே இடிபாட்டைப் பயன்படுத்தவென்று ஒரு நிறுவனத்தை அமைத்து உடைந்த கல்லிலிருந்து புதிய கல் செய்தது.

அந்தப் பெண்கள் பொய்யல்ல. ஆனால் வரலாற்றாளர் லியோனி டிரேபர் 2014இல் வெளியிட்ட ஆய்வு நூல் அந்தப் படத்தின் அளவைச் சரிசெய்தது. பேர்லினிலும் சோவியத் பகுதியிலும் பெண்கள் கணிசமாக வேலை செய்தார்கள். அதுவும் பலர் கூடுதல் உணவுப் பங்கீட்டுக்காக. மேற்கு நகரங்களில் அவர்கள் தொகை சிறிது. பெரும்பகுதியை அள்ளியவை கட்டட நிறுவனங்களும் இயந்திரங்களும். போர் நடக்கும்போதே அள்ளியவர்களோ போர்க்கைதிகளும் முகாம் கைதிகளும் கட்டாய உழைப்பாளர்களும். சிரித்த பெண் நினைவில் நின்றாள், கோடு போட்ட உடுப்புக்காரன் படத்துக்கு வெளியே போனான். இந்த நூலுக்கு நிறைய எதிர்ப்பு வந்ததில் வியப்பில்லை. தன் பாட்டியைப் பற்றிய கதையைக் கணக்கெடுப்பு வந்து திருத்துவதை யார் விரும்புவார்கள்?

இடிபாட்டு ரயில் மாதிரி ரயில்காரர்களுக்குப் பிடித்தமான பொருள். மூன்றாம் காலத்தின் தொடக்கம், அழுக்குக்கு அளவேயில்லை, அத்தோடு மனசாட்சிக்கும் வசதி. உடைந்த சுவரை ஜிப்சத்தில் வார்த்து உடைத்துச் செய்கிறார்கள். சுவரில் தொங்கும் கழுவுதொட்டி வரை இருக்கும். அதே கவனத்தோடு அதே பலகையை 1943 என்று வைத்தால் என்ன வரும்? ஹம்பேர்க்கின் மினியேச்சர் வுண்டர்லாண்டில் 1945 முதல் 1990 வரை பிளவுண்ட நகரம் ஒன்றைக் காட்டும் காட்சிப் பெட்டிகளைச் செய்திருக்கிறார்கள். சிறிய அளவில் பெரிய வரலாற்றைச் சொல்லலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் வதைமுகாமைப் பொழுதுபோக்குப் பலகையில் வைக்கலாமா என்றால் என் பதில், கூடாது. சுற்றிச் சுற்றி ஓடுவதற்காகச் செய்த பொருளில் அந்த வேதனையை ஓடவிட முடியாது. தகட்டில் சரியான பெயரைப் போடலாம். பலகையின் ஓரத்தில் ஆண்டையும் இடத்தையும் எழுதலாம். லோரெயை இயந்திரம் இழுக்காத இடத்தில், அதைத் தள்ளுகிற ஆளை வைக்கலாம். அவ்வளவு செய்தாலே பார்க்க வருகிற பிள்ளை ஒரு கேள்வி கேட்கும்.

இதில் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு: தண்டவாளம் போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். 1990இல் யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கழன்று பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. இங்கே இடிபாட்டை அள்ளப் பாதை போட்டார்கள். அங்கே பாதையைப் பிடுங்கி இடிபாட்டுக்குள் புதைத்தார்கள். 2014 ஒக்ரோபரில் இந்திய நிறுவனம் ஒன்று போட்ட புதிய பாதையில் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது, இருபத்து நான்கு வயதுவரை ஊரில் ரயிலையே காணாத ஒரு தலைமுறை இருந்தது. பழைய பாதையில் யார் சிலிப்பர் சுமந்தார்கள் என்று அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் பலகையும் இல்லை, படமும் குறைவு.

கட்ட விரும்புகிறவருக்கு ஒரு பாதையைச் சொல்கிறேன். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு 1903, 1904ஆம் ஆண்டுகளில் ஒரு சிறு ரயில் திறக்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்களினூடாக மலையேறிய பாதை, 1940களில் மூடப்பட்டுவிட்டது. அதன் அகலம் 762 மில்லிமீற்றர். 87ஆல் வகுத்தால் 8.76. எகர் சகோதரர்கள் கடன் வாங்கிய அந்த 9 மில்லிமீற்றர் பாதை அதற்குப் பொருந்தும். ஜேர்மனியில் எந்த மாதிரி ரயில் கடையிலும் வாங்கலாம். தேயிலைச் செடிக்குக் கடற்பஞ்சுத் தூள், தரைக்கு உண்மையான தேயிலைத் தூள். இயந்திரத்தைக் கையால் செய்யவேண்டி வரும். ஆட்களையும் அப்படித்தான். ரொத்தென்பேர்க்குக்குப் பக்கத்தில் பிரைசர் நிறுவனம் ரயில் ஊழியர், சந்தைப் பெண்கள், குடைபிடித்த பயணிகள் என்று ஏராளமான சிறு மனிதர்களைச் செய்கிறது; வர்ணம் பூசாத உருவங்களும் விற்கிறது. அவற்றில் ஒன்றை எடுத்து, கையை வெட்டி ஒட்டி, கொழுந்துக்கூடையை முதுகில் வைத்து, கூடைக் கயிற்றை நெற்றிக்கு மேலே கொண்டுவர வேண்டும். அந்தப் பெண்ணின் உயரம் 17 மில்லிமீற்றர். கயிற்றுக்கு ஒரு தலைமயிர் போதும்.